தாண்டியாக் கோலைத் தொட்டுக் கும்பிட்டதற்காக

அனுப்புநர்:
ஜாக்ருதி கிரிட் கன்சாரா,
அஞ்சலக எழுத்தர்,
ஆல்டர் தெரு, மேப்பிள் ஹாலோ,
நியூ ஜெர்சி.

பெறுநர்:
முனைவர் மேரியன் ஹால்வர்சன் அவர்கள்,
மாணவர் நலம் மற்றும் ஒழுங்கு இயக்குநர்,
ஹாலோ க்ரீக் பல்கலைக்கழகம்,
நியூ ஜெர்சி.

பொருள்: பல்கலைக்கழக ராஸ் நடன அணியின் தலைவர், இரண்டாம் ஆண்டு செவிலியர் படிப்பு மாணவி த்வனி வாகேலாவைப் பயிற்சிக் கூடத்தில் இழிவுபடுத்தி, பிறகு அணியை விட்டும் நீக்கியது – நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் உதவியாளர் திரு. பிரெண்டன் எனக்கு அனுப்பிய, "இது அணியின் கலை சார்ந்த உள் விவகாரம்" என்னும் பதில்.

மதிப்புக்குரிய அம்மையாருக்கு வணக்கம்.

1. மேற்படி அணியின் தலைவர் கதன் கன்சாரா என் மகன். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது இதைக் கண்டுபிடித்துச் சொல்லி, குடும்பச் சண்டை என்று இந்த மனுவை ஓரமாக வைத்துவிடக் கூடாது. இனி இந்த மனு முழுவதும் அவரை 'அணித்தலைவர்' என்றே குறிப்பிடுவேன். மகன் என்று எழுதக் கை கூசுகிறது.

2. நான் மேப்பிள் ஹாலோ அஞ்சலகத்தில் வேலை செய்கிறேன். புகார்க் கடிதம் எந்த மேசையில் போய்த் தூங்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். அதனால்தான் தாங்களே கையெழுத்திட்டு வாங்கும்படி பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அணிக்குச் சாப்பாடு கட்டிக்கொடுக்கும் தாய்மார்களில் நானும் ஒருத்தி. பயிற்சி நாட்களில் தேப்லா ரொட்டியும் ஊறுகாயும், போட்டி நாட்களில் ஹாண்ட்வோவும் என் சமையலறையிலிருந்து போகும். மேடையேறுமுன் பிள்ளைகள் வட்டமாக நின்று ஆரத்தி எடுக்கும் அம்பே மாதா படமும் என் வீட்டுப் பூஜை அலமாரியிலிருந்து நான் எடுத்துக் கொடுத்ததுதான். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய படம், பிளாஸ்டிக் உறை போட்டது. இந்தப் படத்தைத் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

3. ராஸ் என்பது எங்களுக்கு நவராத்திரியில் மாதாவை நடுவில் வைத்து, தாண்டியாக் கோல்களைத் தட்டிக்கொண்டு சுற்றி ஆடுவது. தங்கள் பல்கலைக்கழகத்தில் அது வேறு என்று எனக்குத் தெரியும். இங்கே அதற்கு ஆண்டுக்கொரு கதை வேண்டுமாம். போன ஆண்டு வேற்றுக்கிரகவாசிகள் வந்தார்கள், இந்த ஆண்டு கடற்கொள்ளையர்கள். மாதாஜியின் ஆட்டத்தில் கடற்கொள்ளையனுக்கு என்ன வேலை என்று கேட்டால், "மம்மி, உங்களுக்கு ஸ்டேஜ் புரியாது" என்பார் அணித்தலைவர். ஆடும்போது எல்லோரும் பல் தெரியச் சிரிக்க வேண்டும், சிரிப்புக்கும் மதிப்பெண் உண்டு. மூச்சு வாங்கி வயிற்றைப் புரட்டினாலும் சிரிக்க வேண்டும். சீசன் முடியும்வரை உடைகளைத் துவைக்கக் கூடாது, துவைத்தால் அதிர்ஷ்டம் போய்விடுமாம். அந்தப் பெட்டியைத் திறந்தால் வரும் நாற்றத்தை என்னால் இந்த மனுவில் விவரிக்க இயலாது. இதையெல்லாம் நான் புகாராகச் சொல்லவில்லை. ஊர் விட்டு வந்த இடத்தில் பிள்ளைகள் நம் ஆட்டத்தை ஆடுகிறார்களே, அதுவே போதும் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தவள்தான் நான்.

4. பாதிக்கப்பட்ட மாணவி த்வனி, ஊரில் ஆனந்த் நகரத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பள்ளி வயதில் இங்கே வந்தவள். பெற்றோர் டெலவேர் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு மோட்டலைப் பார்த்துக்கொள்கிறார்கள். அணியில் மற்றவர்கள் அநேகமாக இங்கேயே பிறந்தவர்கள். அவர்களுக்கு அவள் "இப்பதான் ப்ளேன்லேருந்து இறங்குனவ". இத்தனை வருடமாக அவள் இன்னும் அந்த ப்ளேனிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கிறாள். ஆனால் பயிற்சியில் புது ஆட்டம் யாருக்காவது வரவில்லையென்றால் எல்லோரும் அவள் காலைத்தான் பார்ப்பார்கள். அணித்தலைவரும் பார்ப்பார்.

5. சென்ற மாதம் ஒஹாயோவில் நடந்த போட்டிக்கு நானும் அணியோடு பேருந்தில் போயிருந்தேன். அரங்கில் மேடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்ததால், நடந்தது எல்லாம் நேரில் கண்டது. பல்கலைக்கழக ஒளிப்பதிவும் இருக்கிறது, இணைத்துள்ளேன். கப்பலைக் கைப்பற்றும் கட்டத்தில் அணித்தலைவர் தன் கோலை மேலே சுழற்றி எறிந்து பிடிக்க வேண்டும். எறிந்தார், பிடிக்கவில்லை. விழுந்த கோலை யாரும் எடுக்கக் கூடாது. இடுப்பில் செருகியிருக்கும் உபரிக் கோலை உருவி ஆட்டத்தைத் தொடர வேண்டும். அவரும் அப்படியே செய்தார். கீழே விழுந்த கோல் உருண்டு போய், வரிசை மாறி வந்துகொண்டிருந்த த்வனியின் வெறுங்காலுக்கு அடியில் சிக்கியது. அவள் குனிந்தாள். விரல் நுனியால் கோலைத் தொட்டாள். இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள். நிமிர்ந்தாள்.

6. திரு. பிரெண்டன் தொலைபேசியில் என்னிடம், த்வனி ஏன் அப்படிச் செய்தார், அவருடையது ஏதாவது கீழே விழுந்துவிட்டதா என்று விசாரித்தார். அவளுடையது ஒன்றும் விழவில்லை, அம்மையீர். எங்களில் புத்தகத்தின் மேல் கால் பட்டால் தொட்டுக் கும்பிடுவோம். துடைப்பத்தின் மேல் பட்டாலும், பக்கத்தில் இருப்பவர் மேல் தெரியாமல் பட்டாலும் அப்படித்தான். மாதாவின் முன்னால் ஆடும் கோலின் மேல் பட்டால் சொல்லவே வேண்டாம். அதை யோசித்துச் செய்ய மாட்டோம். தும்மல் வந்தால் யோசித்தா தும்முகிறோம்?

7. அவள் குனிந்த நேரத்தில் அவள் கோல் இருக்க வேண்டிய இடத்தில் அவள் முகம் இருந்தது. எதிரே ஆடிய துணைத்தலைவி மிஹிகா ஓங்கிய கோல் இறங்கி த்வனியின் புருவத்தைப் பிளந்தது. மிஹிகாவை நான் இதில் குற்றம் சொல்லவில்லை. த்வனி நிற்கவில்லை. ரத்தம் கண்ணோரம் வழிய வழிய, பல் தெரியச் சிரித்துக்கொண்டே கடைசிவரை ஆடி முடித்தாள். அரங்கின் பின்வரிசையில் இருந்தவர்கள் அதை ஒப்பனை என்று நினைத்துக் கைதட்டினார்களாம், கடற்கொள்ளையர் அல்லவா.

8. அணிக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. தேசியப் போட்டிக்குத் தகுதியும் கிடைத்தது. முதல் பரிசு போனதற்குக் காரணம் த்வனி குனிந்ததுதான் என்று பேருந்தில் ஏறும் முன்பே தீர்ப்பாகிவிட்டது. அணித்தலைவர் தங்கள் அலுவலகத்துக்குக் கொடுத்த அறிக்கையில் "ஒரு கோல் தவறி விழுந்தது" என்று எழுதியிருக்கிறார். யார் கையிலிருந்து என்று எழுதவில்லை. மரத்திலிருந்து சருகு உதிர்ந்தது போல எழுதியிருக்கிறார். திரும்பி வரும் வழியில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நான் உட்கார்ந்து புருவத்துக்கு ஐஸ் வைத்துக்கொண்டு வந்தேன். பின் இருக்கையிலிருந்து ஒரு குரல், "ஒரு கும்பிடு போட்டா, ஒரு கோப்பை போச்சு" என்றது. பேருந்தே சிரித்தது. அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும். நான் பெற்ற குரல்.

9. அடுத்த வாரம் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு பல்கலைக்கழக உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். கதவுக்கு வெளியிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. உள்ளே கூடத்தின் நீளத்துக்கும் தாண்டியாக் கோல்களை வரிசையாகத் தரையில் பரப்பியிருந்தார்கள். த்வனி வெறுங்காலோடு அவற்றை மிதித்துக்கொண்டே நடக்க வேண்டும், குனியக் கூடாது, கையை நெற்றிக்குக் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இருபுறமும் அணி நின்று கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அணித்தலைவர் ஒரு பக்கம் நின்று தாளம் போடுவது போலக் கை தட்டிக்கொண்டு, "மிதி. மிதி. பாக்காத, மிதி. ஆங், குனிஞ்சிட்டா! போ, திரும்ப மொதல்லேருந்து" என்றார். மிஹிகா, "பாவம்டா, கீழ ஒரு குச்சியப் பாத்தாப் போதும், உள்ள இருக்கற கிராமத்துக்காரி எழுந்து உக்காந்துக்கறா" என்றாள். புருவத்தில் தையல் போட்ட பெண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

10. கோல்கள் தீர்ந்தன. அவள் ஒருவழியாகக் கடைசிவரை குனியாமல் நடந்துவிட்டாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, விரல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒரு பழக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க எத்தனை வருடம் ஆகிறது என்று தாங்களும் ஒரு தாயாக இருந்தால் அறிவீர்கள். அதை ஒரு மாலையில் உரித்தெடுக்கக் கூட்டம் கூட்டிக் கைதட்டுகிறார்கள். யாரோ அவளுடைய உடற்கூறு பாடப்புத்தகத்தைத் தூக்கிப் போட்டார்கள். அதையும் மிதித்தாள். கண்ணை மூடிக்கொண்டு மிதித்தாள். அப்போது அணித்தலைவர் ஆரத்திப் பெட்டியைத் திறந்து, பத்தி 2-ல் நான் குறிப்பிட்ட படத்தை எடுத்துத் தரையில் வைத்தார்.

11. சிரிப்பு நின்றுவிட்டது. அவர் எனக்குப் பக்கவாட்டில் நின்றதால் என்னைப் பார்க்கவில்லை. த்வனி, அண்ணன் முறை வைத்து, "கதன் பாய், இது மட்டும் வேணாம். சொன்னதெல்லாம் செஞ்சேன்ல? இது மாதாஜி" என்றாள். அவர், "மாதாஜி ஒண்ணும் இல்ல, இது பேப்பர். தேசியப் போட்டியில உன் கால்ல என்ன பட்டாலும் நீ குனியக் கூடாது. அதுக்குத்தான் பயிற்சி. பாரு, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி, தன் வலது காலைத் தூக்கி அந்தப் படத்தின் மேல் வைத்தார். வீட்டில் இருந்தவரை நான் தினமும் காலையில் குளித்துவிட்டுப் பூ வைத்த படத்தின் மேல் வைத்தார். தண்ணீர் குடிக்கக் கேட்டால்கூடக் கை காலைக் கழுவிக்கொண்டு வா என்று சொல்லி நான் வளர்த்த பிள்ளையின் கால் அது. முறையான மனுவில் இப்படி எழுதக் கூடாது என்றால் மன்னிக்கவும்.

12. "இப்ப நீ" என்றார். அவள் மாட்டேன் என்றாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. "நான் மிதிக்க மாட்டேன், கதன் பாய்" என்று மட்டும் சொன்னாள். "அப்ப நீ டீம்ல இல்ல" என்றார். நான் பாத்திரங்களைக் கதவருகில் வைத்துவிட்டு உள்ளே போனேன். படத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். என்னைக் கண்டதும் அவர் சொன்ன வார்த்தை: "மம்மி, இது டீம் விஷயம்." த்வனியின் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். அன்று கொண்டுபோன சாப்பாட்டையும் திருப்பி எடுத்துக்கொண்டேன். அது சிறுமைதான், ஆனாலும் அந்தக் கூட்டம் என் தேப்லாவைத் தின்பதை என்னால் பார்த்திருக்க முடியாது.

13. அன்றிரவே அணித்தலைவர், "ஒத்துழையாமை" என்று காரணம் காட்டி த்வனியை நீக்கித் தங்கள் அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்தார். தங்கள் அலுவலகம் அதை ஏற்றுக்கொண்டது. நான் அழைத்தபோது திரு. பிரெண்டன் மிகவும் மரியாதையாகப் பேசினார். உடற்காயம் மேடையில் நேர்ந்த விபத்து என்றார். பயிற்சி முறை அணியின் கலைச் சுதந்திரம் என்றார். மத உணர்வு புண்பட்டதாக நான் கருதினால் வளாகப் பாதிரியாரோடு பேச ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார். என் மத உணர்வைப் பற்றி நான் புகார் செய்யவில்லை, அம்மையீர். மாதாஜியைப் பார்த்துக்கொள்ள மாதாஜிக்குத் தெரியும். அவள் மேல் எத்தனையோ பேர் எதையெதையோ வைத்திருக்கிறார்கள். நான் கேட்பது அந்தப் பெண்ணுக்காக.

14. வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளாமல் ஏன் மனு என்று தாங்கள் கேட்கலாம். பேசியாயிற்று. அணித்தலைவர், "மம்மி, நான் அவளுக்கு நல்லதுதான் செஞ்சேன். அவ நல்லா ஆடறவ. அந்த ஒரு பழக்கம் மட்டும் போயிட்டா அவள யாராலயும் அசைக்க முடியாது" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சமும் கபடம் இல்லை. எனக்கு அதிகம் அருவருப்பாக இருந்தது அதுதான். கொடுமை செய்கிறோம் என்று தெரிந்து செய்பவனையாவது திட்டலாம். என் கணவர் கிரிட்பாய் நல்ல மனிதர், சண்டை என்றாலே எழுந்து வெளியே போய்விடுவார். அவர், "ஜாக்ருதி, அவன் டாக்டர் படிப்புக்கு விண்ணப்பிச்சிருக்கான். நீ எழுதுற ஒரு காகிதம் அவன் பேர்ல ஆயுசுக்கும் நிக்கும். பெத்தவளே செய்யலாமா?" என்றார். மூன்று நாள் நானும் அதையே யோசித்தேன். நாளை அவர் டாக்டராகி, மானம் போகிறதே என்று தயங்கும் ஒரு நோயாளியின் முன்னால் நின்று, "ஒண்ணும் ஆகாது, பாரு" என்பார். அப்போது தடுப்பதற்குப் பக்கத்தில் பாத்திரத்தோடு நான் இருக்க மாட்டேன்.

15. த்வனியிடம், உன் பெயரைச் சொல்லி எழுதட்டுமா என்று கேட்டேன். அவள் பெற்றோர் வேண்டாம் என்கிறார்கள். ஊர்க்காரர்களோடு பகை எதற்கு, படிப்பை முடித்துவிட்டு வா என்கிறார்கள். அவள் சொன்னது இது: "எழுதுங்க மாஸி. எனக்கு யாரும் ஸாரி சொல்ல வேணாம். எனக்கு ஆடணும். அவ்வளவுதான். ஆனா கோல் கால்ல பட்டா நான் இன்னொரு தடவையும் குனிவேன். அதையும் சேத்து எழுதிடுங்க." சேர்த்து எழுதியிருக்கிறேன்.

16. ஆகவே அடியிற்கண்டவற்றைச் செய்து தருமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஏப்ரலில் நடக்கவிருக்கும் தேசியப் போட்டிக்கு முன் த்வனி வாகேலாவை அணியில் அவள் இருந்த இடத்திலேயே மீண்டும் சேர்க்க வேண்டும். குனியக் கூடாது என்ற நிபந்தனையோ, குனிந்தால் தண்டனை என்ற பேச்சோ அதில் இருக்கக் கூடாது. அணித்தலைவரை அந்தப் பொறுப்பிலிருந்து இறக்க வேண்டும். அணியை விட்டு நீக்க வேண்டாம், பின்வரிசையில் ஆடட்டும். த்வனி ஆடுவதை அங்கிருந்து பார்க்கட்டும். அன்று கைபேசியில் எடுத்த படங்களை எல்லோரிடமிருந்தும் வாங்கித் தாங்கள் பார்க்க வேண்டும், பிறகு அழிக்க வேண்டும். இரு தரப்பையும் ஓர் அறையில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, 'பரஸ்பரம் வருத்தம் தெரிவித்துக்கொண்டார்கள்' என்று எழுதி முடிக்கும் வேலை மட்டும் வேண்டாம். அந்தப் பெண்ணுக்கு வருத்தம் தெரிவிக்க ஒன்றுமில்லை. மாதாவின் படத்தை ஆதாரமாகக் கேட்டால் தர மாட்டேன். அது மறுபடி அலமாரியில் இருக்கிறது. வேண்டுமானால் தாங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கலாம், செருப்பை வாசலில் விட்டுவிட்டு.

17. கையெழுத்திடும் முன் ஒன்று. பத்தி 11-ல் நான் ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். அது எதிர்த்தரப்புக்குச் சாதகமானது. மறைத்து எழுதிய மனு என்று பெயர் வரக் கூடாது என்பதால் இங்கே சேர்க்கிறேன். படத்தின் மேல் வைத்த காலை அணித்தலைவர் எடுத்ததும், அவருடைய வலது கை தானாகக் கிளம்பியது. விரல்கள் குவிந்தன. மார்புவரை வந்தது. அங்கே அவருக்கே அது தெரிந்துவிட்டது. உடனே அந்தக் கையை மேலே கொண்டுபோய்த் தலைமுடியைக் கோதிக்கொண்டார். மற்றவர்கள் கவனிக்கவில்லை. பக்கவாட்டில் நின்ற நான் பார்த்தேன், எதிரே நின்ற த்வனி பார்த்தாள். அவள் பார்த்துவிட்டாள் என்பதை அவரும் பார்த்தார். அதற்குப் பிறகுதான், "இப்ப நீ" என்றார். அவளை அணியில் வைத்துக்கொள்ள முடியாமல் போனதற்கு வேறு காரணம் எதையும் நான் நம்பவில்லை.

அந்தக் கை அவ்வளவு தூரம் வந்திருக்காவிட்டால் நான் இந்த மனுவை எழுதியிருக்க மாட்டேன். மனத்துக்குள் அவரைத் தலை முழுகிவிட்டு, வாயை மூடிக்கொண்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். வந்தது, அம்மையீர். என் மகனின் கைதான் அது, நான் பிடித்துப் பழக்கிய கை. மார்பிலிருந்து கண்வரை உள்ள மீதித் தூரத்துக்கு என் சொல் போதவில்லை. தங்கள் அலுவலகம் அவரைக் கண்டிக்கட்டும்.

இடம்: மேப்பிள் ஹாலோ
நாள்: மார்ச் 19

இப்படிக்கு,
ஜாக்ருதி கிரிட் கன்சாரா
(புகார் கொடுப்பவர், எதிர்த்தரப்பின் தாய்)

இணைப்பு: ஒஹாயோ போட்டியின் ஒளிப்பதிவு. தயவுசெய்து த்வனியின் காலைப் பார்க்கவும், கோல் யார் கையிலிருந்து விழுகிறது என்பதையும் பார்க்கவும்.